பிள்ளையார்பாளையத்துத் தறியில் தொங்கிய கமாரோ

காஞ்சிபுரத்துக்கு மற்றவர்கள் கோயிலுக்காகப் போவார்கள், இல்லையென்றால் புடவைக்காகப் போவார்கள். நான் முதன்முதலில் போனது மூன்று அங்குல நீளமுள்ள ஒரு பொம்மைக் காருக்காக. எழுபத்து மூன்றாம் வருடம், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. குட்டிக் கார் சேகரிப்பு பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதைப் படித்துவிட்டு, எங்கே தேடுவது, எந்த ஊருக்குப் போனால் கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்காக இந்தப் பயணத்தைச் சொல்கிறேன். போன காரியம் நடந்ததா என்றால் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த மாதிரி பிறகு எதையும் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாரிமுனைப் பக்கம் ஒரு லாரி பார்சல் ஆபீசில் கணக்கெழுதும் வேலை. கல்யாணம் ஆகவில்லை, சிகரெட் கிடையாது, சினிமாப் பைத்தியம் கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் அமெரிக்கக் கார்கள். நீளமான மூக்கு, குட்டையான பின்பக்கம், மூக்குக்குள் எட்டு சிலிண்டர் இன்ஜின். அவற்றை மசில் கார் என்று சொல்வார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. மவுண்ட் ரோட்டில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஹெரால்டும் போய்க்கொண்டிருந்த காலம் அது. நிஜ மஸ்டாங்கைப் பார்க்க எந்த ஜென்மத்தில் புண்ணியம் செய்திருக்க வேண்டுமோ! கைக்கு எட்டியதெல்லாம் உலோகத்தில் வார்த்த குட்டிக் கார்கள்தான். கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவருவார்கள், பிள்ளைகள் போட்டு உடைப்பார்கள், கடைசியில் அவை மூர் மார்க்கெட்டுக்கு வந்து சேரும். சக்கரம் போனது மூன்று ரூபாய், நாலு சக்கரமும் ஓடினால் ஐந்து. வயிற்றுப்புறத்தைத் திருப்பினால் காரின் பெயர் பொறித்திருக்கும். மஸ்டாங், சார்ஜர், பாராகுடா என்று நான் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வயிறுகளில்தான்.

கமாரோ மட்டும் சிக்கவே இல்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து அது வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசைக்காரனான எத்திராஜ் ஊருக்குப் போய்விட்டு வந்து சொன்னான். அவனுக்குக் காஞ்சிபுரம்.

"உன் பைத்தியம் எங்க அக்கா வூட்டுக்கும் வந்துட்சுபா. கத்திரிப்பூ கலர்ல ஒரு குட்டி காரு. மாமா தறிக்கு மேல கட்டித் தொங்கவுட்டுக்கினு இருக்காரு. அடியில சி, ஏ, எம்னு இன்னாமோ எழுதியிருக்குது."

அந்த வாரம் முழுக்க நான் போட்ட கூட்டல் ஒன்றும் சரியாக வரவில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு பிராட்வேயில் பஸ் பிடித்தேன். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், டிக்கெட் மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எத்திராஜ் வரவில்லை, விலாசம் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தான். மாற்றிக்கொள்ளக் கேட்டால் கொடுக்கலாம் என்று இரண்டு கார்களைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். ஒன்று சிவப்பு சார்ஜர், இன்னொன்று பெயின்ட் உதிர்ந்த பச்சை மஸ்டாங். சில்லறைக்காகப் பையைத் துழாவியபோது இரண்டும் மடியில் விழுந்துவிட்டன.

"கொயந்தைக்கா சார்?" என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க, எனக்குத்தான்."

மீதியைக் கொடுத்துவிட்டு அவர் பின்பக்கம் போனவர்தான். ஊர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பிள்ளையார்பாளையம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ரிக்‌ஷாக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார், நடந்தே போனேன். நடந்தது நல்லதாகப் போயிற்று. தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் தறிச் சத்தம். ஒரு வீட்டுச் சத்தம் முடிவதற்குள் அடுத்த வீட்டுச் சத்தம் பிடித்துக்கொள்ளும். நடுத்தெருவில், ஒரு வீட்டு வாசலிலிருந்து நாலைந்து வாசல் தாண்டி, அரக்குச் சிவப்பில் பட்டு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். வெயில் மேலே விழுந்து, தெருவில் யாரோ சிவப்புத் தண்ணீர் ஓடவிட்டது போல இருந்தது. நான் சொக்கிப்போய் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாத சார்! வேர்வை பட்டா கறை ஆயிடும். குனிஞ்சு போ," என்று ஓர் அம்மா சத்தம் போட்டார். ஒரு தெரு முழுக்கப் பட்டுக்குக் குனிந்துகொண்டுதான் போக வேண்டும் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

எத்திராஜின் அக்கா பெயர் சரோஜா. கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கார் பைத்தியம்னு தம்பி சொன்னானே, அது நீங்கதானா? வாங்க வாங்க," என்றார். அவருடைய கணவர் ஏகாம்பரம் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். எத்திராஜைப் போலவே நானும் அவர்களை அக்கா, மாமா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

தறிக்கு மேலே, கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுகிற இடத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கமாரோ. பட்டு இழையில் கட்டியிருந்தார்கள். காற்றில் மெல்லத் திரும்பியது. திரும்பும்போது மூக்கில் கருநீலமாக இருந்த நிறம் கதவுக்கு வருகையில் கத்திரிப்பூவாகி, வால் பக்கத்தில் கிட்டத்தட்ட இளஞ்சிவப்பாகப் பளிச்சென்றது. ஒரு கீறல் இல்லை. என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்து விலை கேட்டேன்.

"மாதிரிய விக்கற பழக்கம் இல்லபா," என்றார் மாமா. "இந்தக் கலர்ல புடவை வேணும்னு குடுத்தது இது. எங்கப்பா காலத்துல ஒருத்தர் கிளி ரெக்கைய குடுத்துட்டுப் போனாரு. புடவைய தறியிலேந்து அறுத்து மடிச்சு, அந்த ரெக்கைய மடிப்புக்குள்ள வச்சுத்தான் குடுத்தோம். மாதிரி இன்னா பொருளா இருந்தாலும் புடவையோட சேர்ந்து வூட்டுக்குப் போவணும்."

கதை இதுதான். மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தாமல் கிராமத்து விவசாயி ஒருவரின் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவில் இன்ஜினீயர். அவளை அவனும் அவனை அவளும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கு வந்த உறவுக்காரரிடம், "என் கார் இதுதான்" என்று சொல்லி இந்தப் பொம்மையைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். வசந்தா அதைக் கையில் வைத்துக்கொண்டு, முகூர்த்தப் புடவை இந்த நிறத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டாள். அப்பாவுக்கு அரக்குதான் இஷ்டம். மகளுக்காக ஒத்துக்கொண்டு இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

நிறம்தான் வரவில்லை. சுவரில் சாயம் தோய்த்த பட்டு நூல் கழிகள் மூன்று தொங்கின, மூன்றும் கத்திரிப்பூ. மூன்றாவது நிறத்தில் நீளவாட்டு நூலைப் பாவாகத் தறியில் ஏற்றி, சோதனைக்கு ஒரு சாண் நெய்தும் வைத்திருந்தார் மாமா. காரைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். "கலரு தப்பு இல்லபா. ஆனா பாரு, அது உயிரோட இருக்குது, இது செத்துப்போயிருக்குது." அன்றைக்குத்தான் வசந்தாவும் அப்பாவும் வந்து பார்த்து முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். அப்பா உயரமான மனிதர், தோளில் துண்டு. வசந்தாவுக்கு இருபது வயது இருக்கலாம். அப்பா துணியைப் பார்த்ததும், "நல்லாத்தானே இருக்குது," என்றார். வசந்தா இழையை அவிழ்த்துக் காரைத் துணியின் மேல் வைத்தாள். வெகு நேரம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"இது இல்லபா."

"இதுக்கு மேல என்னால அலைய முடியாதும்மா. ஐப்பசில கல்யாணத்த வச்சுக்கினு இன்னும் புடவையே முடிவாகல. நம்மால எடுக்க முடிஞ்சது ஒரே ஒரு பட்டு. எழுந்திரு, காந்தி ரோட்டு பட்டுக் கடைக்குப் போவலாம், அரக்குல ஒண்ணு எடுத்துக்கினு பஸ் ஏறிடலாம்." பிறகுதான் மூலையில் நின்ற என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"இந்தக் காருக்காக மெட்ராஸ்லேந்து வந்திருக்காரு," என்றார் சரோஜா அக்கா.

"இதுக்கா? எடுத்துக்கினு போ தம்பி. இது வந்ததுலேந்து எங்க வூட்ல நிம்மதி இல்ல." சொன்னதோடு நிற்காமல் காரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டார்.

கமாரோ என் கையில்! புடவை இல்லையென்றால் மாதிரியும் இல்லை, மாமாவும் ஒன்றும் சொல்ல முடியாது. திருப்பிப் பார்த்தேன், வயிற்றில் பெயர் இருந்தது. வசந்தா என்னைப் பார்க்கவில்லை, காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் இந்தச் சேகரிப்புப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கலர் தப்பில்லைங்க. பளபளப்பு கலர்ல இல்ல, அடியில இருக்கு," என்றேன். பச்சை மஸ்டாங்கை எடுத்துப் பெயின்ட் உதிர்ந்த இடத்தைக் காட்டினேன். இந்த வகைக் கார்களில் முதலில் உலோகத்தைக் கண்ணாடிபோலத் தீட்டிவிடுவார்கள், அதன்மேல் ஊடுருவித் தெரிகிற மாதிரி மெல்லிசாக நிறத்தைப் பூசுவார்கள், நாம் பார்க்கிற மினுமினுப்பு அடியிலிருந்து வருகிறது என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

அக்கா மஸ்டாங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பச்சை. அதுலயும் அப்படித்தான்னு எப்படித் தெரியும்?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் என் உள்ளங்கையிலிருந்து கமாரோவை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அங்கே ஒரு சொரசொரப்பான கல் கிடந்தது. அந்த வீட்டில் புது ஜரிகை வந்தால் முதல் வேலை, ஓர் இழையை அந்தக் கல்லில் தேய்த்துப் பார்ப்பது. மேலே பொன்முலாம், அதன் கீழே வெள்ளி, அதற்கும் உள்ளே சிவப்புப் பட்டு நூல். மூன்றும் வரிசையாகத் தெரிந்தால்தான் ஜரிகை வீட்டுக்குள் வரும். மினுக்குகிற எந்தப் பொருளையும் தேய்க்காமல் நம்புவது அக்காவுக்குப் பழக்கமில்லை. பரக், பரக் என்று கமாரோவின் கூரையைக் கல்லில் தேய்த்தார்.

"அக்கா!" என்று நானும் வசந்தாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. கீறல் இல்லாத கமாரோ! மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காதது, ஜரிகை மாதிரித் தேய்ந்து நின்றது.

அக்கா அதை வெயிலில் பிடித்தார். தேய்ந்த இடத்தில் வெள்ளையாக உலோகம் மின்னியது. "ஏங்க, இங்க வாங்க! இது ஜரிகைங்க! பொன்னு பூசற இடத்துல கலரு பூசி வச்சிருக்கான், அவ்ளோதான்! ஊடையில வெள்ளிய விடுங்க!"

மாமா குழியிலிருந்து எழுந்து வரவில்லை, அங்கிருந்தே யோசித்தார். "மொத்தமும் வெள்ளி விட்டா பலகையாட்டம் நிக்கும். பொண்ணு கட்ட முடியாது. ஒரு ஓட்டு பட்டு, ஒரு ஓட்டு வெள்ளி." நீளவாட்டு நூலான பாவு அதே கத்திரிப்பூ, குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு முறை கத்திரிப்பூ, ஒரு முறை வெள்ளி. பொன்முலாம் பூசாத வெள்ளி ஜரிகை, பழைய வேலையில் மிச்சமானது, வீட்டில் இருந்தது. அக்கா அதைச் சுற்றிக் கொடுக்க, மாமா அந்த நூல் வைத்த நாடாவைப் பாவுக்குக் குறுக்கே ஓடவிட்டார்.

அவர் நெய்கிற நேரத்தில் வசந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். காரின் தேய்ந்த கூரையை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இதப்பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியுமா சார்? இதுல எத்தினி பேரு உக்கார்லாம்?"

"நாலு பேர். ஆனா கதவு ரெண்டுதான். ஸ்டீயரிங் இடது பக்கம்."

"அப்ப நான் வலது பக்கமா உக்காரணும்?"

"ஆமா."

"சத்தம் ஜாஸ்தி போடுமா?"

"எட்டு சிலிண்டர்மா. போடும்னுதான் நினைக்கிறேன். நான் நேர்ல பார்த்ததில்ல."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "நானுந்தான் அவர நேர்ல பாத்ததில்ல."

இவ்வளவு காலம் நான் இந்தக் கார்களுக்காகத் தவித்ததெல்லாம் ஒரு பக்கம், இந்தப் பெண் இதைக் கையில் வைத்திருக்கும் விதம் ஒரு பக்கம். இது அவளுடைய கார் என்று அப்போது மனதார ஒத்துக்கொண்டேன்.

நாலு விரல் அகலம் நெய்ததும் மாமா நிறுத்தினார். அக்கா காரை அந்த இடத்தில் வைத்தார். நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். கார் எங்கே இருக்கிறது என்று கண் ஒரு கணம் தேட வேண்டியிருந்தது. மாமா துணியை லேசாகச் சாய்த்தார். கருநீலம் கத்திரிப்பூவாகி இளஞ்சிவப்புக்குப் போய்த் திரும்பியது. துணி அப்படிச் செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வசந்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

அவளுடைய அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு துணியை ஒரு விரலால் தொட்டார். "கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் வேணாம் போலிருக்குதே," என்றார். அதுதான் சம்மதம். காந்தி ரோட்டுப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

கமாரோ மறுபடியும் தறிக்கு மேலே ஏறியது. அக்கா சாப்பிடாமல் விடவில்லை. சாயங்காலம் கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தே போனேன். பல்லவர் காலத்து மணற்கல், சுவரெங்கும் சிற்பம், அடிக்கொரு சிங்கம். வெகு நேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு சிற்பம்கூடக் கண்ணில் ஏறவில்லை, கண்ணெல்லாம் கத்திரிப்பூவாக இருந்தது. அதற்காகவே இன்னொரு தடவை வர வேண்டியதாயிற்று. தறியிலிருந்து அறுத்த புடவையை அப்போது முழுசாகப் பார்த்தேன். கூடம் நிறைய விரித்துப் போட்டிருந்தார்கள். வாசல் பக்கம் யாராவது நடந்தால் அவர்களுடைய நிழலோடு சேர்ந்து நிறமும் புடவையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. அக்கா அதை மடித்து, தேய்ந்த கூரையோடு கமாரோவை மடிப்புக்குள் வைத்துக் கட்டினார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

இனி போகிறவர்களுக்கு. சென்னையிலிருந்து பஸ்ஸும் ரயிலும் உண்டு, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கைலாசநாதர் கோயிலையும் பிள்ளையார்பாளையத்தையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். நெசவாளர் வீட்டுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், பட்டைத் தொடுவதற்கு முன் கேளுங்கள், கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள். குட்டிக் கார் விஷயத்தில் புதுப் பெட்டியோடு இருப்பதைத்தான் வாங்குவேன் என்று அடம் பிடித்தால் கைக்காசு கரைந்துபோகும். பெயின்ட் உதிர்ந்தது மலிவாகக் கிடைக்கும், தைரியமாக வாங்குங்கள், மேலே புதுப் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். எதையும் வாங்குமுன் வயிற்றைத் திருப்பிப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குப் புடவை சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கலர் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினார். வசந்தா தலைப்பிரசவத்துக்குத் தாமலுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனதாம். அமெரிக்காவில் ஒரு வீட்டு முன்னால் வசந்தா அந்தப் புடவையில் நிற்கிறாள். வெயில் அவள் மேல் விழுந்து புடவை பற்றி எரிகிற மாதிரி மின்னுகிறது. பக்கத்தில் நிஜக் கமாரோ. வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று நான் ஏங்கிய கார். அது சுத்தமான சாணி நிறம்.

"அவரு 'என் கார் இதுதான்'னு மட்டுந்தான் சொல்லி அனுப்பிச்சாராம். கலர சொல்லவே இல்லியாம்! இந்தப் பொண்ணே நெனச்சுக்கினா. அங்க போயி எறங்கனதும் வண்டியப் பாத்து அழுதுட்டாளாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? மாப்ள நல்ல மனுஷன்பா. புடவையப் பாத்துட்டு, வண்டிக்கும் இதே கலரு அடிச்சுடலாம்னு பெயின்ட் கடைக்குக் கூட்டிக்கினு போயிருக்காரு. இவ முந்தானைய மாதிரிக்குக் காட்டியிருக்கா. அந்த வெள்ளக்காரன் எத்தினியோ டப்பாவக் கலந்து அடிச்சுப் பாத்தானாம்." அக்கா போட்டோவை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வர்லியாம்பா."